மறுபடி வளர்ந்த கெல்ப்பின் அடியில் யார் இருக்கிறார்கள்?

"வெட்டிய கெல்ப் இரண்டு மூன்று வருடத்தில் திரும்ப வளர்ந்துவிடுமே, அப்புறம் எதற்குக் கவலை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

கெல்ப் என்பது குளிர்ந்த கடலில் பாறையைப் பற்றி வளரும் பெரிய பழுப்புப் பாசி. அதிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள், ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குவது முதல் பல்லுக்கு அச்செடுப்பது வரை உதவுகிறது. நார்வே கரையில் லாமினேரியா ஹைப்பர்போரியா என்ற இனத்தை ஆண்டுக்குச் சுமார் 1,50,000 டன் எடுக்கிறார்கள். படகு இழுத்துச் செல்லும் இரும்பு வாரி பெரிய கெல்ப்களை அடியோடு பிடுங்கிவிடும். நிழலில் காத்திருந்த குட்டிகளுக்கு வெளிச்சம் கிடைக்க, அவை மளமளவென்று வளரும். சுமார் ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி அறுவடை.

சரி, காடு வளர்ந்துவிட்டது. குடியிருப்பவர்கள் வந்துவிட்டார்களா?

கெல்ப்புக்கு வேர் கிடையாது. தண்டின் அடியில் விரல்களைப் போன்ற கிளைகள் பாறையைக் கவ்விக்கொள்ளும், இதுதான் பற்றுறுப்பு. பழைய விரல்களுக்கு மேலே புதிய விரல்கள் முளைத்துக் கீழே இறங்க, பற்றுறுப்பு அடுக்கடுக்காகப் பெரிதாகும். விரல்களுக்கு இடையிலுள்ள சந்துகள்தான் அறைகள். அங்கே புழுக்கள், நத்தைகள், நட்சத்திர மீனின் உறவான நொறுங்கு நட்சத்திரங்கள், இறாலின் தூரத்து உறவான ஆம்பிபாட் என்ற குட்டி உயிர்கள் எல்லாம் வாழ்கின்றன. நார்வேயில் எண்ணிப் பார்த்தபோது ஒரு கெல்ப்பில் சராசரியாகச் சுமார் 8,000 உயிர்கள் இருந்தன!

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆம்பிபாட். சிப்பியின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து எங்கிருந்தோ வரும். பற்றுறுப்பில் குட்டிச் சிப்பி இருந்தால், குஞ்சுகளை நீர் கொண்டுவந்தது என்பது மட்டும்தான் தெரியும். ஆம்பிபாட் தாயோ முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமக்கிறது. பொரிந்து வெளிவருபவை தாயின் சிறிய நகல்கள். மிதக்கும் பருவமே கிடையாது. அதனால் புது இடத்துக்கு அவை நீந்தியோ, அறுந்த பாசியில் ஒட்டியோ வந்தாக வேண்டும். பக்கத்தில் அறுக்காத கெல்ப் இருந்தால் சில வாரங்களிலேயே வந்துவிடும். ஆனால் எண்ணிக்கை பெருக அறைகள் வேண்டும், அறைகளுக்குப் பற்றுறுப்பு வயதாக வேண்டும். ஆக, ஒன்றிரண்டு வளர்ந்த ஆம்பிபாட்கள் இருந்தால் விருந்தாளிகள் என்று கொள்ளலாம். பையில் முட்டை சுமக்கும் தாய்களும் எல்லா அளவிலும் குட்டிகளும் சேர்ந்து இருந்தால், அது வீடாகிவிட்டது.

எண்ணும் முறை எளியது. முக்குளிப்பவர் பற்றுறுப்பைத் துணிப்பையால் மூடி, பாறையிலிருந்து பெயர்த்தெடுப்பார். ஆய்வகத்தில் அதைச் சல்லடையில் அலசி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நார்வே ஆய்வுகளில் கெல்ப் வேகமாக உயர்ந்தாலும், தண்டில் தொற்றி வளரும் செம்பாசிகள் அடுத்த அறுவடைக்குள் முழுமையாகத் திரும்பவில்லை. பற்றுறுப்பு உயிர்களும் கெல்ப்பின் வயதோடு சேர்ந்தேதான் கூடின.

பெரிய சாட்சிகளும் உண்டு. புதிதாக அறுவடையான இடங்களில் காட் (cod) மீன் குடும்பத்துச் சிறு மீன்கள், அறுக்காத இடங்களைவிட 92 சதவீதம் குறைவாக இருந்தன. நீர்க்காகங்கள் அறுக்காத இடத்தையே நாடின. ஆனால் பறவை வராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நான் பற்றுறுப்பைத்தான் நம்புவேன்.

வருத்தம் ஒன்றே. ஆம்பிபாட் இனங்களைப் பிரித்தறியப் பழக ஒருவருக்குப் பல ஆண்டுகள் ஆகும். பணமோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுத் திட்டங்களுக்குத்தான் கிடைக்கிறது. ஓர் அறுவடைச் சுற்று முடிவதற்குள் எண்ணுபவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஆல்ஜினேட் விற்ற காசில் ஒரு சிறு பங்கை அவருக்கு ஒதுக்கினால்கூடப் போதும்.