வயலினைத் திறந்தா உள்ள என்ன இருக்கும்?

போன மாசம் என் வயலின் ரிப்பேர் கடைக்கு ஒரு மாமி பழைய வயலின் ஒண்ணு கொண்டு வந்தாங்க, மாமனார் வாசிச்சதாம், இருபது வருஷமா பரண்ல கெடந்திருக்கு. "பேரன் கிளாஸ் சேர்ந்திருக்கான், புதுசு மாதிரி பளபளன்னு பண்ணிக் குடுத்துடுங்கோ"ன்னாங்க. இந்த 'புதுசு மாதிரி'யக் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கும்.

பெரும்பாலும் அந்தக் காலத்து ஜெர்மன் வயலின், உள்ள ஸ்ட்ராடிவாரியஸ்னு, அதான் அந்தப் பேர் போன இத்தாலிக்காரர் பேர்ல, லேபிள் ஒட்டியிருப்பாங்க. (ஒரிஜினலா சார்னு கேக்காதீங்க. இல்ல. வாரத்துக்கு ரெண்டு பேருக்கு இந்த பதிலச் சொல்றேன்.) இதோட மேல் பலகைல ஒரு விரிசல், அதனால திறக்க வேண்டியதாப் போச்சு. மெல்லிசு கத்திய ஓரத்துல விட்டு நிதானமா நகத்தினா பழைய தோல் பசை டிக் டிக்னு விட்டுக் குடுக்கும், வீட்லயே வெள்ளை கம் போட்டு ஒட்டாதீங்கன்னு நான் தலப்பாடா அடிச்சுக்கறது இதுக்குத்தான், அது விட்டுக் குடுக்காது, மரத்தயே பிச்சுக்கிட்டு வரும். உள்ள வழக்கம்போல தூசி உருண்டை, வில்லுக்குத் தேய்க்கற ரோசின் பவுடர், கரப்பான் முட்டை. கூடவே வெள்ளையா கொஞ்சம் பொடி. மோந்து பாத்தா விபூதி. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு இட்டது மேல் பலகைல f மாதிரி வெட்டின ஓட்டை, எஃப் ஹோல் வழியா உள்ள உதிர்ந்திருக்கு. சிரிச்சேன், ஆனா அடுத்த நிமிஷமே இன்னொரு வயலின் ஞாபகம் வந்து கை அப்படியே நின்னுடுச்சு.

இஸ்ரேல்ல டெல் அவிவ்ல அம்னோன் வைன்ஸ்டைன்னு ஒரு வயலின்காரர் இருந்தார், 2024 மார்ச்ல காலமாயிட்டார். 80கள்ல ஒருத்தர் அவர்கிட்ட வயலின் கொண்டு வந்து பேரனுக்காக சரி பண்ணித் தரச் சொன்னார், இதே கதைதான், ஆனா அந்த மனுஷன் அதைக் கடைசியா வாசிச்சது நாஜிங்க யூதர்களைக் கூட்டம் கூட்டமா கொன்னு எரிச்ச ஆஷ்விட்ஸ் முகாம்ல. அம்னோன் திறந்தா உள்ள கறுப்பா சாம்பல். அந்த முகாம்ல காத்துல பறந்துட்டிருந்தது என்ன சாம்பல்னு அவருக்குத் தெரியாதா என்ன. அவர் அப்பா மோஷே 1938ல வில்னாவ (இப்ப லிதுவேனியால இருக்கற வில்னியஸ்) விட்டு வந்தவர், அங்கயே இருந்துட்ட சொந்தக்காரங்கள்ல கிட்டத்தட்ட 400 பேரை நாஜிங்க கொன்னுட்டாங்க. அந்த சாம்பலப் பாத்தப்புறம் அம்னோன் ரொம்ப வருஷம் அந்தப் பக்கமே போகல.

அப்புறம் 90கள்ல ஜெர்மனிலேர்ந்து வயலின் வில் செய்யற ஒரு பையன் தொழில் பழக வந்து, கடைல மூலையில கெடந்த வயலின்களப் பத்திக் கேக்க ஆரம்பிச்சான். அதெல்லாம் அப்பா காலத்துல வாங்கிப் போட்டது, போர் முடிஞ்சதும் டெல் அவிவ் ஆர்கெஸ்ட்ரால இருந்த யூதர்கள் பல பேர் ஜெர்மன் வயலினத் தொட மாட்டேன்னு கொண்டு வந்தாங்க, நீங்க வாங்கலன்னா உடைச்சிருவேன்னு சொன்னவங்களும் உண்டு. விக்காதுன்னு தெரிஞ்சே மோஷே வாங்கி வச்சார். ரிப்பேர்காரனுக்குத்தான் இந்தக் கிறுக்கு இருக்கும், உடைக்கறேன்னு சொன்னா பொறுக்காது. அதுக்கப்புறம் அம்னோன் ரேடியோல பேசி, முகாம்லயும், யூதர்களை அடைச்சு வச்ச பேட்டையான கெட்டோலயும் இருந்த வயலின் யார்கிட்டயாவது இருந்தா கொண்டு வாங்கன்னு கேட்டு, மகன் அவ்ஷலோமும் சேர்ந்து அறுபதுக்கும் மேல சேத்துட்டாங்க. பல வயலின் பின்பலகைல சிப்பி பதிச்ச ஆறுமுனை நட்சத்திரம், யூதர்களோட அடையாளம், இருக்கும். மேடைல திரும்ப வாசிக்கற மாதிரி சரி பண்ணினாங்க, ஊர் ஊரா கச்சேரியும் நடந்துச்சு.

இதுல ஒரு வயலின மட்டும் சரி பண்ணவே இல்ல. அமெரிக்கால ஒரு ரிப்பேர்காரர் திறந்து பாத்தப்ப உள்ள ஸ்வஸ்திகா போட்டு 'ஹைல் ஹிட்லர் 1936'ன்னு எழுதியிருந்துச்சு. ஒரு யூதர் ரிப்பேருக்குக் குடுத்தத ஒட்டறதுக்கு முன்னாடி எவனோ எழுதி மூடியிருக்கான். குடுத்தவர் தாடைக்குக் கீழ அதை வச்சு வாசிச்சுக்கிட்டே இருந்திருப்பார், தெரிஞ்சிருக்காது. உள்ள பென்சில்ல பேரும் தேதியும் எழுதறது எங்க தொழில்ல சகஜம், நானும் எழுதுவேன். அதனாலயோ என்னவோ சாம்பலை விட இது எனக்கு ஜாஸ்தி உறுத்துது.

இசைதான் நம்பிக்கை குடுத்துச்சுன்னு இதையெல்லாம் அழகா சொல்லி முடிச்சிடறாங்க. எனக்கு அது முழுசா ஒத்துக்கல. ஆஷ்விட்ஸோட ஒரு பகுதியான பிர்கெனாவுல பெண்கள் ஆர்கெஸ்ட்ராவ அல்மா ரோஸேன்னு ஒரு வயலின் கலைஞர் நடத்தினாங்க, காலைல கைதிங்க வேலைக்குப் போறப்பவும் சாயங்காலம் திரும்பறப்பவும் வாசல்ல மார்ச் வாசிக்கணும், கால் தப்பாம நடக்க வைக்கறதுக்கு. வாசிக்கறவங்களுக்கும் வேதனை, கேட்டு நடக்கறவங்களுக்கும் வேதனை. ஆனா 1943 டிசம்பர்ல அங்க வந்து எறங்கின 18 வயசுப் பொண்ணு அனிதா லாஸ்கர், மொட்டை அடிச்சு, பச்சை குத்தி நிக்கறப்ப செல்லோ (வயலின் மாதிரியே, ஆனா பெருசு) வாசிப்பேன்னு யதேச்சையா சொல்லப்போய்த்தான் பொழைச்சாங்க, ஆர்கெஸ்ட்ரால அந்தக் கனமான ஸ்வரம் வாசிக்க ஆள் இல்ல.

ருமேனியாலேர்ந்து உக்ரைன் பக்கம் ட்ரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு விரட்டப்பட்ட யூதர் ஃபைவெல் வினிங்கர் உக்ரைன்காரங்க கல்யாணத்துல வாசிச்சு, பந்தில மிஞ்சினத வீட்டுக்கு எடுத்துட்டு வந்து கொடுப்பார். குடும்பம், தெரிஞ்சவங்கன்னு 16 பேர் அதச் சாப்ட்டு உயிரோட இருந்தாங்க. நம்பிக்கைன்னா எனக்கு அந்த மிச்ச ரொட்டிதான் கண்ணுல வருது. 1942 ஜூலைல பிரான்ஸ்ல யூதர்களை முகாமுக்கு ஏத்திட்டுப் போன, மாடு ஏத்தற சரக்கு ரயிலேர்ந்து ஒருத்தர், நான் போற எடத்துல இது எனக்கு வேண்டாம், இதாவது வாழட்டும்னு தண்டவாளத்துல வேலை செஞ்சவங்ககிட்ட வயலினத் தூக்கிப் போட்டார். அந்த வயலின் இருக்கு. அவர் பேர் யாருக்கும் தெரியாது.

அதுக்காகத்தான் சொல்றேன், பரண்ல வயலினோ வீணையோ மிருதங்கமோ இருந்தா காயலான் கடைல போடறதுக்கு முன்னாடி யாரு வாசிச்சாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, ஒரு துண்டு பேப்பர்ல எழுதி பெட்டிக்குள்ள வச்சிடுங்க. பழைய வார்னிஷச் சுரண்ட விடாதீங்க, கை பட்டுத் தேஞ்ச எடம் அழுக்கு இல்ல. தந்திய கொஞ்சமா லூஸ் பண்ணுங்க, நாலையும் ஒரேயடியா கழட்டினா வயலின் உள்ள நிக்கற சின்ன மரக்குச்சி, சவுண்ட் போஸ்ட், விழுந்துடும்.

மாமிகிட்ட மாமனார் பேரைக் கேட்டு உள்ள பென்சில்ல எழுதினேன். விபூதியத் தட்டி பேப்பர்ல மடிச்சுக் குடுத்தேன். பிரிச்சு மோந்து பாத்துட்டு கைப்பைல வச்சுக்கிட்டாங்க. "சரி, பளபளப்பு வேண்டாம், ஆனா அந்த தந்தி முறுக்கற பெக்க மட்டும் மாத்திடுங்கோ, பிள்ளையால திருகவே முடியல."