உஸ்பெகிஸ்தான் தரவு வரிகளை யார் பார்த்தது?

2024 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. காலநிலை மாற்றத்தால் இந்த நூற்றாண்டின் நடுவில் உலக வருமானத்தில் 19 சதவீதம் போய்விடும், ஆண்டுக்கு 38 லட்சம் கோடி டாலர் சேதம் என்று அது சொன்னது. எழுதியவர்கள் ஜெர்மனியின் போட்ஸ்டாம் காலநிலைத் தாக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். உலகெங்கும் 1,600க்கு மேற்பட்ட மாநிலங்கள், மாகாணங்களின் வருமானத்தை வெப்பத்தோடும் மழையோடும் பொருத்திப் போட்ட கணக்கு அது. மத்திய வங்கிகள் சேர்ந்த என்.ஜி.எஃப்.எஸ் கூட்டமைப்பு தன் இடர்க் கணிப்புகளுக்கே அதை எடுத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வேறு ஆய்வாளர்கள் அதே தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். உஸ்பெகிஸ்தானின் 1990களின் பிற்பகுதி எண்கள் நம்பவே முடியாதபடி ஏறி இறங்கியிருந்தன. அந்த ஒரு நாட்டை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் 2100ஆம் ஆண்டுக்கான சேதம் 62 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக இறங்கியது. டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இதை வைத்துக்கொண்டு காலநிலை மாற்றமே கட்டுக்கதை என்று கிளம்பியவர்கள் உண்டு. அதே ஆசிரியர்கள் திருத்திப் போட்ட கணக்கிலும் நூற்றாண்டின் நடுப்பகுதிச் சேதம் 17 சதவீதம், 32 லட்சம் கோடி டாலர். அது ஒன்றும் சின்னத் தொகை இல்லை. தவிர, தரவையும் கணினி நிரலையும் அவர்கள் பொதுவில் வைத்திருந்ததால்தான் அடுத்தவர் வந்து பிழை காண முடிந்தது. பூட்டி வைத்திருக்கும் ஆய்வுகளில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வானிலைக்காரர்கள், வேளாண் விஞ்ஞானிகள், பொருளியலாளர்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளை ஒருங்கிணைப்பது என் வேலை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி, அந்த உஸ்பெகிஸ்தான் தரவு வரிகளைத் தன் பொறுப்பு என்று நினைத்த ஆள் அந்தச் சங்கிலியில் யார் என்பதுதான். பெரும்பாலான கூட்டாய்வுகளில் இதற்குப் பதில் இருக்காது. தரவைத் தொகுத்தவர் ஒருவர், சுத்தம் செய்தவர் இன்னொருவர், கணினி மாதிரியை ஓட்டியவர் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்தவர் பார்த்திருப்பார் என்று நம்பியிருப்பார்கள்.

நம் ஊர்த் தரவில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காவிரி டெல்டாவில் மழை குறைந்தால் நெல் விளைச்சல் எவ்வளவு விழும் என்று ஓர் ஆய்வு என்று வையுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்தின் நாற்பது ஆண்டு விளைச்சலை எடுத்து வரிசையாக ஒட்டுகிறோம். 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர் வந்தது. 2020இல் மயிலாடுதுறை, நாகப்பட்டினத்திலிருந்து தனியானது. பெயர் மட்டும் பார்த்து ஒட்டினால் தஞ்சாவூரின் நெல் பரப்பு 1990களில் திடீரெனச் சரிந்ததாகத் தெரியும். அது வறட்சி இல்லை, அரசாணை. டெல்லியிலோ லண்டனிலோ உட்கார்ந்து மாதிரி ஓட்டும் பொருளியலாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

ஆண்டுக் குழப்பம் இதைவிட மோசம். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பயிர்ப் பதிவேடான அடங்கல் பசலி ஆண்டில் இருக்கும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். மாநில வருமானக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. காலநிலை மாதிரிகள் ஜனவரி முதல் டிசம்பர் வரை. சம்பா ஆகஸ்டில் விதைத்து ஜனவரியில் அறுப்பது, ஆக ஜனவரி-டிசம்பர் நாட்காட்டியில் ஒழுங்காக உட்காராது. 2015-16 என்று இருக்கும் ஒரு வரியை யாரோ எக்செல்லில் 2016 என்று சுருக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடலூரில் 2015 நவம்பர் வெள்ளத்தில் நின்ற பயிர், 2016ஆம் ஆண்டின் மழையோடு ஜோடி சேர்ந்துவிடும். 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. வெள்ளத்தால் போன விளைச்சலை வறட்சியின் தலையில் கட்டிவிட்டு, மாதிரியும் ஒரு பதிலைக் கொடுத்துவிடும். அந்தப் பதில் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், அதுதான் தொல்லை.

அளவைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விவசாயி மாவில் சொல்வார், மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். மூட்டை எத்தனை கிலோ என்பது ஊருக்கு ஊர் மாறும். நெல்லா, அரிசியா என்று கேட்காமல் விட்டால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

அதனால் நான் வைத்திருக்கும் ஒரே கறாரான விதி: ஒவ்வொரு தரவுக் கோப்புக்கும் ஓர் ஆள் பெயர். குழுவின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ செல்லாது. அந்த ஆள் தரவு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டுக்கணக்கு, மாவட்ட எல்லை எந்தத் தேதியது, எந்த வரியை ஏன் நீக்கினோம் என்று ஒரு பக்கம் எழுதி கோப்போடு வைக்க வேண்டும். அப்புறம் மாதிரியை ஓட்டியதும் ஒரு சோதனை. ஒவ்வொரு மாவட்டமாக, ஒவ்வொரு ஆண்டாக வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பது. ஒரே ஓர் இடத்தை எடுத்ததும் விடை பாதியாகிவிட்டால் அந்த இடத்துத் தரவைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். கணினிக்கு இது ஓர் இரவு வேலை. மனிதர்களுக்கோ இதைச் செய்யத் தோன்றாது, ஏனென்றால் விடை ஏற்கெனவே பிடித்துப் போயிருக்கும்.

துறைகளுக்கு நடுவில் கைமாறும் இடத்தில்தான் சேதாரம் அதிகம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைத் தரவு, நிலப்படத்தைக் கால் டிகிரி அட்சரேகை-தீர்க்கரேகைக் கட்டங்களாகப் பிரித்துக் கிடைக்கிறது, அதாவது ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். வெப்பநிலைத் தரவுக்கு ஒரு டிகிரிக் கட்டம். ஒரே கட்டத்துக்குள் டெல்டாவின் பெரும்பகுதி அடங்கிவிடும். வானிலைக் குழு இருபது மாதிரிகளின் முடிவைக் கொடுக்கும். பயிர் மாதிரி ஓட்டுபவருக்கு நேரமில்லை, ஐந்தை எடுத்துக்கொள்வார். பொருளியலாளர் அந்த ஐந்துக்கும் சராசரி போட்டு ஒற்றை எண்ணாக்குவார். டெல்டாவை அடிப்பதோ சராசரி இல்லை, நவம்பரில் ஒரு வாரம் விடாமல் கொட்டும் மழை.

கஜா புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அந்த ஆண்டின் விளைச்சல் கணக்கில் தெரிவது ஓர் ஆண்டுக் காய்தான். ஆனால் மரமே சொத்து. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், அதுவரை கடன் வட்டி ஓடும். இன்னொரு பக்கம், வீடு கட்டவும் மின்கம்பம் நடவும் செலவழித்த பணம் மாநில உற்பத்தியில் வரவாக ஏறும். 'மாநில உற்பத்தியில் இத்தனை சதவீதம்' என்று மட்டும் சேதத்தைச் சொல்லும் ஆய்வு, பேராவூரணித் தோப்புக்காரரிடம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லாமல் சொல்கிறது. சொத்து இழப்பையும் அதிலிருந்து வரவிருந்த வருமான இழப்பையும் கூட்டி இரட்டைக் கணக்கு எழுதும் ஆய்வுகளும் உண்டு. எதை அளக்கிறோம் என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது.

கழிவு விகிதமும் (discount rate) அப்படித்தான். எதிர்காலச் சேதத்தை இன்றைய ரூபாயில் எப்படி மதிப்பிடுவது என்ற சண்டை பழையது. 2006இல் பிரிட்டனின் ஸ்டெர்ன் அறிக்கை ஆண்டுக்கு 1.4 சதவீதம் என்று வைத்தது. அது மிகக் குறைவு என்று நார்ட்ஹவுஸ் எதிர்த்தார். பின்னாளில், 2018இல், பொருளியல் நோபல் பெற்றவர் அவர். நூறு ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்ச் சேதம் 1.4 சதவீதத்தில் இன்றைக்கு 25 ரூபாய், 5 சதவீதத்தில் 76 பைசா. மாதிரியை ஓட்டிப் பார்த்துவிட்டு விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் அவரவர் விரும்பும் விடை கிடைத்துவிடும். குறைந்தது, நடு, கூடியது என்று மூன்றை முன்கூட்டியே முடிவு செய்து, மூன்றின் விடையையும் அச்சிடச் சொல்கிறேன்.

செய்தியாளர்களிடம் பேசுபவருக்கும் ஒரு வேண்டுகோள். '19 சதவீதம் குறையும்' என்றால் இன்றைய வருமானத்திலிருந்து குறையும் என்று அர்த்தமில்லை. காலநிலை மாறாமல் இருந்திருந்தால் அப்போது எவ்வளவு இருந்திருக்குமோ, அதோடு ஒப்பிட்டுச் சொல்வது. இந்த ஒரு வாக்கியம் செய்திக்குறிப்பின் முதல் பத்தியில் இல்லாவிட்டால் நான் அதை அனுப்ப விடுவதில்லை.

பண விஷயம் சலிப்பானது, ஆனால் ஆய்வே நின்றுபோவது இங்கேதான். வெளிநாட்டு நிதியில் நடக்கும் கூட்டாய்வில், பணம் வாங்கிய இந்தியத் தொண்டு நிறுவனம் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது பழைய வழக்கம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வேறோர் அமைப்புக்கு மாற்றக் கூடாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. ஐரோப்பியக் கூட்டாளிகள் பலருக்கு இது தெரியாது. திட்ட முன்மொழிவு எழுதும்போதே ஒவ்வொரு கூட்டாளியின் பங்கும் எந்த வழியாக வரும் என்று கணக்காளரை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். கள ஆய்வு சம்பா நடவுக்கு முன் தொடங்க வேண்டியிருக்கும். பணம் பொங்கலுக்கு வந்து பயனில்லை.

கடைசியாக ஒன்று. திட்டம் மூன்று ஆண்டில் முடியும், தரவை அறிந்த இளம் ஆய்வாளர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், ஐந்தாம் ஆண்டில் யாரோ ஒருவர் மின்னஞ்சலில் ஒரு வரியைப் பற்றிக் கேட்பார். காலநிலைச் சேத மதிப்பீடுகளைத் தொகுத்து, பொருளியலாளர் ரிச்சர்ட் டோல் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு கழித்தல் குறிகள் விடுபட்டிருந்தன. திருத்தம் வந்தது 2014இல். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும், கோப்புகளைத் திறக்கும் நிலையில் வைத்திருக்கவும், திட்டம் முடிந்தபின் ஓர் ஆளுக்குச் சில மாதச் சம்பளத்தை முன்மொழிவிலேயே கேளுங்கள். நிதி கொடுப்பவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். உஸ்பெகிஸ்தான் கதையைச் சொல்லிப் பாருங்கள், இப்போது கேட்கிறார்கள்.