பசி கூட்டு வாசலுக்குள் இழுக்கும், வள்ளியூரிலிருந்து இழுக்காது

கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், அட்டைப்பெட்டியில் துளை போட்டு, தூரத்தில் விட்டாலும் கூடு திரும்பும் ஹோமர் புறாக்களைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுவரத் தொடங்கிவிடுகிறார்கள். "டாக்டரே, டாஸுக்குக் கொண்டுபோனதுல பாதிதான் வந்துது. வந்ததும் இப்படி உக்காந்திருக்கு, ஒரு டானிக் எழுதுங்க." (டாஸ் என்பது புறாவைக் கூடையில் தூரமாகக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டு வீடு திரும்பப் பழக்குவது.) புறாவைக் கையில் எடுத்தால் மார்பெலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டுகிறது. தீனிப்பை காலி. எச்சம் பச்சைத் தண்ணீர். கடைசியாக எப்போது தீனி போட்டீர்கள் என்று கேட்டால் பெருமையாகப் பதில் வருகிறது: "ரெண்டு நாளாச்சு. பசி இருந்தாத்தானே வீட்டுக்கு வரும்!"

இந்த ஒரு வாக்கியம் கொன்ற புறாக்களை, புறாவை வேட்டையாடும் பைரிப் பறவை கூடக் கொன்றிருக்காது.

இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதுதான் வினை. மாடியைச் சுற்றிப் பறந்துவிட்டு இறங்கும் புறா, விசில் கேட்டதும் ஓட்டிலும் சுவரிலும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்காமல் நேரே டிராப்புக்குள், அதாவது கூட்டு வாசலுக்குள், நுழைய வேண்டுமென்றால் அரைப் பசி வேண்டும். சரி. ஆனால் அது கடைசிப் பத்தடிக்கான வித்தை. பத்தடிக்கு அரைப் பசி என்றால் எழுபது கிலோமீட்டருக்கு முழுப் பட்டினி என்று கணக்குப் போட்டால் எப்படி? புறா வழி கண்டுபிடிப்பது சூரியனையும் பூமியின் காந்தப்புலத்தையும் பழகிய நிலத்தையும் வைத்து. பசி திசை காட்டாது. பட்டினிப் புறா எந்தப் பட்டினி ஜீவனும் செய்வதைத்தான் செய்யும்: கீழே பார்க்கும். நாங்குநேரி வயலில் தானியம் கிடந்தால் இறங்கும். அந்தத் தானியத்தில் விதைநேர்த்தி மருந்து இருக்கலாம், வயலோரம் பூனை இருக்கலாம், வலையும் இருக்கலாம். "வழி தவறிப் போச்சு" என்று நீங்கள் எழுதித் தள்ளும் புறாக்களில் பல வழி தவறவில்லை. சாப்பிடப் போனவை.

நீண்ட தூரம் பறக்க அதன் உடம்பு எரிப்பது பெரும்பாலும் கொழுப்பை. அது காலையில் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரில் வராது, முந்தைய மூன்று நான்கு நாள் தீனியில்தான் சேரும். அது தீர்ந்தால் மார்புத் தசையையே கரைத்து எரிக்கும். சிறகை அடிப்பதே அந்தத் தசைதான். டீசல் தீர்ந்த வண்டி எஞ்சினைக் கழற்றி எரித்து ஓடுவதுபோல. இறகு முளைக்கிற நாளில் பட்டினி போட்டிருந்தால் இறகின் குறுக்கே மெல்லிய கோடு விழும், பின்னால் அந்த இடத்தில் ஒடியும். சிறகை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நீங்கள் செய்தது எழுதியிருக்கும்.

அப்படியானால் எவ்வளவு? 450 கிராம் புறாவுக்கு நாளைக்குச் சுமார் 30 கிராம், தினமும் நன்றாகப் பறந்தால் 35 வரை. கையால் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு பறக்கவிட்டு, உள்ளே வந்ததும் 10 கிராம், மீதி மாலையில். மறுநாள் டாஸ் இருந்தால் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் முழுத் தீனி. இரவில் செரித்துவிடும். காலையில் தண்ணீர் மட்டும். தீனிப்பை காலியாக இருக்கும், உடம்பு நிறைந்திருக்கும். உங்களுக்கு வேண்டிய பசி இதுவே.

கலவைக்கு ரகசியம் ஒன்றுமில்லை. மக்காச்சோளம் மூன்றில் ஒரு பங்கு, கோதுமை, கம்பு, சோளம் சேர்த்து இன்னொரு பங்கு, பட்டாணியும் பச்சைப்பயறும் கால் பங்குக்குக் குறைவாக, மீதி சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும். தூரம் கூடும்போது கடைசி இரண்டு நாள் பயறைக் குறைத்து மக்காச்சோளத்தையும் கடலையையும் கூட்டலாம். ஆனால் நம்ம குமரி மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த இரண்டும்தான் முதலில் பூசணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் வாடை போகும், பூசணத்தின் நஞ்சு போகாது. கல்லீரலைத் தின்றுவிடும். சந்தேகமா, கொட்டிவிடுங்கள்.

அந்தப் பச்சை எச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலி வயிற்றில் பித்தம் மட்டும் இறங்கினாலே எச்சம் பச்சையாகும். அதைப் பார்த்துவிட்டு மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலக்குகிறீர்கள். நோய்க்கல்ல, உங்கள் பட்டினிக்கு மருந்து கொடுக்கிறீர்கள். "சீசனுக்கு முன்னால ஒரு கோர்ஸ்" என்பதும் அதே ரகம். எச்சத்தைப் பரிசோதித்தால் ரத்தக்கழிச்சல் கிருமியா, குடல்புழுவா என்று தெரியும். வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையில் மஞ்சள் பாலாடைக்கட்டி மாதிரிப் படிவது தெரியும், அதற்கு மருந்து வேறு. ஆட்டுக்கு வாங்கிய ஃபென்பென்டசோல், அல்பென்டசோல் மிச்சத்தைப் புறாவுக்கு ஊற்றாதீர்கள். எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், முளைக்கும் இறகையும் கெடுக்கும்.

தண்ணீராகக் கழிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, தானியத்தைக் கொத்தும்போது குறி தவறி, கழுத்து திருகினால் அது பாராமிக்ஸோ வைரஸ். கண்ணேறு அல்ல. தடுப்பூசிதான் வழி. முதல் டாஸ் பயணத்துக்கு நான்கு வாரம் முன்பே, கழுத்தின் அடிப்பகுதியில் தோலுக்குக் கீழே, பாட்டிலில் சொன்ன அளவு. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்த ஊசி மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்று.

இறகு உதிர்த்து முடித்ததா என்று பாருங்கள். பெரிய சிறகிறகு பத்தும் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக விழுந்து முளைக்கும். கடைசி இரண்டு பாதி வளர்ந்திருக்கும்போது தூரம் அனுப்பாதீர்கள்.

இனி பாதை. கூடை முதல் டாஸில் அறிமுகமாகக் கூடாது. இரண்டு இரவு கூடையிலேயே தூங்கட்டும், கூடையில் மாட்டிய கிண்ணத்தில் குடிக்கப் பழகட்டும். சதுர அடிக்கு மூன்று புறாவுக்கு மேல் திணிக்காதீர்கள். நாகர்கோவில் கூடு என்றால் 5 கிலோமீட்டரில் இரண்டு தடவை, தோவாளையில் இரண்டு, ஆரல்வாய்மொழியில் மூன்று. பிறகு கணவாய் தாண்டிக் காவல்கிணறு, பணகுடி. இங்கேதான் அவசரப்படுகிறார்கள். வடக்கேயிருந்து வரும் புறா மலைக்குக் கிழக்கே சமவெளியில் வந்து கணவாயில் திரும்பக் கற்க வேண்டிய இடம் இது. இதில் நான்கு டாஸ் செலவழித்தால் நட்டமில்லை. முப்பந்தல் காற்றாலைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே கூடையைத் திறக்காதீர்கள், வெட்டவெளி தேடுங்கள். அப்புறம் வள்ளியூர் (நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்), நாங்குநேரி (43), திருநெல்வேலி (சுமார் 70). அதில் நேரம் சீரானால் மட்டும் கோவில்பட்டி (120). குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துக் கூடுகளுக்கு மலை குறுக்கே நிற்கிறது. அவை முதலில் நாகர்கோவிலிலிருந்து வீடு திரும்பக் கற்க வேண்டும்.

காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் கூடையைத் திறந்துவிடுங்கள், வெயில் ஏறினால் நீர்ச்சத்து போய்விடும். வண்டியிலிருந்து இறக்கிய கூடை இருபது நிமிடம் நிழலில் இருக்கட்டும். மகேந்திரகிரி உச்சியில் மேகம் படுத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், பெட்ரோல் காசு போனால் போகட்டும். வாடைக்காற்று பின்னால் தள்ளிய நாளில் வந்த வேகத்தைப் பார்த்து மறுவாரம் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டாம். பைரித் தொல்லை குளிர்காலத்தில் கூடும். அதற்கு விஷம் வைப்பது, வலை போடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். டாஸ் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து. அரை மணி கழித்துக் கொஞ்சம் தீனி. வராத புறாவுக்காக டிராப்பை இரண்டு மூன்று நாள் திறந்தே வையுங்கள்.

அடுத்தவர் புறா காலில் மோதிரத்தோடு உங்கள் மொட்டைமாடியில் இறங்கினால், தயவுசெய்து மோதிரத்தை அறுக்காதீர்கள். ராத்திரிக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து, விடிந்ததும் திறந்துவிடுங்கள்.