ஆந்த்ராக்ஸ் என்றால் அடைப்பானா, ராஜபிளவையா?

2001இல் அமெரிக்காவில் தபால் உறைக்குள் பொடியாக வந்து 5 பேரைக் கொன்றதே, அப்போதுதான் ஆந்த்ராக்ஸ் என்ற பெயர் பலர் காதில் விழுந்தது. அதனாலோ என்னவோ, இதை ஆய்வகத்தில் செய்த ஏதோ விஷம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மண்ணில் கிடக்கும் பாக்டீரியா. முதலில் ஆடுமாடுகளின் நோய், வழக்கமாக அவற்றிடமிருந்துதான் மனிதருக்கு வரும்.

கிரேக்கத்தில் ஆந்த்ராக்ஸ் என்றால் கரி. ஆந்த்ரசைட் நிலக்கரிக்கும் வேர் இதுதான். மனிதருக்கு வருவதில் பெரும்பாலானது தோல் வகை: அரிப்போடு சின்னக் கொப்புளம் கிளம்பும், அது உடைந்து நடுவில் கன்னங்கரேலென்று பொருக்குக் கட்டும், சுற்றி நன்றாக வீங்கியிருந்தாலும் புண் வலிக்காது. அந்தக் கறுப்பைப் பார்த்து வைத்த பெயர்.

லத்தீன்காரர்களும் 'சிறு கரி' என்ற பொருளில் ஒரு சொல் வைத்திருந்தார்கள், அதிலிருந்து வந்தது கார்பங்கிள், தமிழில் ராஜபிளவை. பெயரில் உறவு இருக்கிறதே தவிர நோய் வேறு. ராஜபிளவை பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியால் வருவது, பல வாய் வைத்துச் சீழ் கொட்டும், வலி உயிர் போகும், சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். ஆகவே ஆந்த்ராக்ஸை ராஜபிளவை என்று எழுதுவது தப்பு.

சரி, தமிழில் என்ன சொல்வது? அடைப்பான். கால்நடை மருத்துவத்தில் நிலைத்த சொல். கக்குவான் மாதிரியே நோயை ஓர் ஆளாக்கிப் பேசும் பெயர், எனக்குப் பிடித்ததும்கூட. கரிநோய் என்று புதிதாக எதையும் பெயர்த்துத் தர வேண்டியதில்லை. ஒரே சிக்கல், 'தொண்டை' முன்னால் ஒட்டிக்கொண்டால் ஆளே மாறிவிடும்: குழந்தைகளுக்கு வரும் தொண்டை அடைப்பான் டிப்தீரியா, மாடுகளுக்கு வருவது பாஸ்டுரெல்லா கிருமியின் வேலை. அதனால் முதல் தடவை எழுதும்போது 'அடைப்பான் எனும் ஆந்த்ராக்ஸ்' என்று சேர்த்தே போட்டுவிடுவது நல்லது.

இந்தக் கிருமி வெளிக்காற்றுப் பட்டதும் கெட்டி உறை போட்ட வித்தாக (ஸ்போர்) மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், 1876இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டு சொன்னது இந்த வித்தைத்தான். திடீரென்று செத்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருரத்தம் கசிந்தால் அடைப்பான் என்றே சந்தேகித்து, உடலை அறுக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடச் சொல்வதும் அதனால்தான்.