பாட்டு கேட்குது, குரலைக் காணோம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால், மைக் செட் வேலையில் இருக்கும் எங்களுக்கு ஒரு புகார் திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, போன்ல பாட்டு நல்லாத்தான் கேக்குது. பாக்ஸ்ல போட்டா குரலே வரல." போனை மாற்றுவார்கள், மிக்ஸரைத் தட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் கேபிளில்.

ஒரு முனையில் போனில் சொருகும் சின்ன இபி (இயர்போன்) ஸ்டீரியோ பின், மறுமுனையில் மைக் கேபிளில் வரும் மூன்று பின் கேனன் (எக்ஸ்எல்ஆர்) என்று ரெடிமேட் கேபிள் கிடைக்கிறது. கச்சிதமாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கேனனில் 1 கிரவுண்ட், 2 ஹாட், 3 கோல்டு. மைக்கிலிருந்து வரும் ஒரே சிக்னல்தான் 2-லும் 3-லும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். வழியில் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறிய இரைச்சல் அதில் அடிபட்டுப் போகும், சிக்னல் மட்டும் நிற்கும். மைக் கேபிள் 50 மீட்டர் ஓடினாலும் சத்தம் சுத்தமாக இருப்பது இதனால்தான்.

போன் பின்னில் கதை வேறு. நுனியில் இடது, நடு வளையத்தில் வலது, அடியில் கிரவுண்ட். அந்த கேபிள் இடதை 2-க்கும் வலதை 3-க்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மிக்ஸர் வழக்கம்போலக் கழித்துவிடும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்திருப்பார்கள், அது காலி. கும்மிப் பாட்டில் எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் மிஞ்சும்.

இடது, வலது இரண்டையும் தனித்தனி சேனலில் கொடுப்பதே நல்லது. ஒரே சேனல்தான் இருக்கிறதா? இரண்டிலும் ஆளுக்கொரு 470 ஓம் ரெசிஸ்டர் போட்டு 2-இல் சேர்த்துவிடுங்கள், 3-ஐ 1-உடன் இணைத்துவிடுங்கள். மைக்குக்காக மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் பேண்டம் பவர் அந்தச் சேனலில் அணைந்திருக்கட்டும், போன் பாவம்.

பி38 என்கிற தடித்த 6.35 மி.மீ. ஜாக்கில் கறுப்பு வளையம் ஒன்று இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் மூன்று இணைப்பு. அந்த மூன்று ஸ்டீரியோவா, பேலன்ஸ்டா (கேனன் மாதிரி ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் போவது) என்பது வெளியே பார்த்தால் தெரியாது. மெஷினின் பின்பக்க எழுத்தைப் படிக்கத்தான் வேண்டும். கிதார் கேபிளை எடுத்து ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள். உள்கம்பி மெலிசு, ஸ்பீக்கருக்குப் போகும் கரண்டைத் தாங்காமல் சூடாகும். ஸ்பீக்கருக்கு, திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் கனெக்டர்தான்: 1+, 1−. ஒரு பாக்ஸில் மட்டும் இவை இடம் மாறினால் பேஸ் செத்துப்போகும்.

அடுத்தது விளையாட்டில்லை. மேடையில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கேஎஸ்இபி என்கிற கேரள மின்வாரிய கரண்டில், பந்தலில் மிக்ஸர் ஜெனரேட்டரில் என்றால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரலாம். உடனே யாராவது பவர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவார். இரைச்சல் நிற்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். அப்புறம் ஆம்புக்குள் இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் ஆம்பின் வெளிக்கூடு முழுக்க நிற்கும். கேபிள் ஷீல்டு வழியாக மைக்கின் இரும்பு வலைக்கு வரும், பாடுபவர் உதட்டுக்கும் வரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அவர்.

எர்த்தைத் தொடாதீர்கள். ஆம்ப், மிக்ஸர் இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் மிக்ஸரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேனன் கேபிளில், ஆம்ப் முனையில் மட்டும் 1-ஐத் துண்டிக்கலாம். அந்த கேபிளில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். மைக்குக்கு மாட்டினால் பேண்டம் பவர் போகாது, அன்றைக்கு மைக்கைத்தான் பழி சொல்வோம்.