ஊறுகாய் பாட்டிலில் ஒளிந்திருந்த கோதுமை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் வீட்டிலேயே மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கும் ஓர் ஆன்ட்டி போன வருடம் என்னிடம் வந்தார். அதுவரை கோயில் விழாக்களிலும் தெரிந்தவர்களுக்கும் மட்டும் விற்றுவந்தவர். ஒரு கடைக்காரர் அலமாரியில் வைத்து விற்கச் சம்மதித்திருந்தார், ஆனால் லேபிள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். டர்பன் பக்கத்துச் சிறு தயாரிப்பாளர்களின் லேபிள்களைச் சரிபார்ப்பதுதான் உணவுத் தொழில்நுட்பம் படித்த எனக்கு வேலை.

ஆன்ட்டியின் லேபிளில் நான்கே சொற்கள்: மாங்காய், எண்ணெய், உப்பு, மசாலா.

"மசாலாவில் என்னவெல்லாம் போடுறீங்க ஆன்ட்டி?" என்றேன். மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம் என்றார். பெருங்காய டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் 'கோதுமை மாவு' என்று இருந்தது. பல வருடங்களாக அதே டப்பாவை வாங்குகிறவர், அன்றுதான் திருப்பிப் பார்த்திருக்கிறார். அவர் முகம் வாடியது. "என் ஊறுகாயில் கோதுமையா?"

பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதை அப்படியே போட முடியாத அளவுக்கு வாசனை கடுமையாக இருக்கும். அதனால் கடையில் கிடைக்கும் தூள் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான்: கருவேலம்பிசினும் மாவும் கலந்தது. சிலவற்றில் அரிசி மாவு, பலவற்றில் கோதுமை மாவு. நம்மில் பலருக்கு இது ஒன்றும் செய்யாது. கோதுமை சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவருக்கோ கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ அப்படி இல்லை. ஊறுகாயில் கோதுமை இருக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைக்க மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1972ஆம் ஆண்டின் உணவுப்பொருள்கள், அழகுசாதனங்கள், கிருமிநாசினிகள் சட்டத்தின் கீழ் லேபிள் விதிகள் உள்ளன. ஆர்146 என்று நாங்கள் சொல்லும் அந்த விதிகள் 2010இல் வெளியாகி 2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. முட்டை, பசும்பால், மீன், இறால் நண்டு சிப்பி வகைகள், நிலக்கடலை, சோயா, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை போன்ற தானியங்கள் இருந்தால் பெயர் சொல்லியே ஆக வேண்டும். மசாலாவுக்குள் பெருங்காயம், அதற்குள் மாவு என்று எத்தனை அடுக்குக்குள் இருந்தாலும் 'பெருங்காயம் (கோதுமை)' என்று வெளியே வந்துவிட வேண்டும்.

அந்தப் பட்டியலில் கடுகும் இல்லை, எள்ளும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இரண்டுமே உண்டு. நம் ஊறுகாயே கடுகிலும் நல்லெண்ணெயிலும்தானே நிற்கிறது? சட்டம் கேட்காவிட்டாலும் இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். 'மசாலா' என்ற ஒற்றைச் சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எண்ணெய்க்கும் அப்படித்தான். வெறும் 'எண்ணெய்' என்றால் போதாது, எதிலிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். இனிப்பு வகைகளில் மஞ்சள் நிறத்துக்கு டார்ட்ரசின் சேர்த்தால் 'நிறமி' என்று மட்டும் எழுதி நழுவ முடியாது, டார்ட்ரசின் என்றே போட வேண்டும்.

இன்னொன்று. முருங்கை இலைப் பொடி, மஞ்சள் பொடி விற்கிற சிலர் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று அச்சடித்து வருகிறார்கள். உணவு லேபிளில் நோயைக் குணப்படுத்தும் என்ற பேச்சே கூடாது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம் உறவுக்காரர்களாகவே இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம், தொகுதி எண், அதாவது ஒரே தடவையில் தயாரித்த பாட்டில்களுக்குப் போடும் பொது எண். ஒரு நாள் போட்ட ஊறுகாயில் கோளாறு என்றால், எண் இருந்தால் அன்று போட்ட அறுபது பாட்டில்களை மட்டும் திரும்பப் பெறலாம். எண் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். 2024 பிப்ரவரியில் பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு அதிகம் என்று சில நிலக்கடலை வெண்ணெய் வகைகளைத் தேசிய நுகர்வோர் ஆணையம் திரும்பப் பெறச் செய்தது நினைவிருக்கும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்க உங்கள் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தியப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. பாலும் கோதுமையும் முந்திரியும் அதற்குள் இருக்கலாம்.

ஆன்ட்டி இப்போது அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறிவிட்டார். ஆனால் அந்த நிறுவனம் கலவையை எப்போது மாற்றும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒவ்வொரு முறை புது டப்பா வாங்கும்போதும் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். புரட்டாசி ஆர்டர்களுக்கு லேபிள் அடிக்கப்போகிறவர்கள் செய்முறைக் குறிப்போடு நிறுத்திவிடாமல், நீங்கள் வாங்கிப் போடுகிற ஒவ்வொரு பொருளின் காலிப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுவாருங்கள்.