வீட்டுக் கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி "ஐ3யா, ஐ5ஆ?" என்பதுதான். இவை கணினியின் மூளையான ப்ராசஸரின் வகைகள். விலைகூட அதன் பெயரை வைத்தே ஏறி இறங்கும். ஆனால் வீட்டில் நாம் செய்கிற வேலைகள் என்ன? ப்ரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறப்போம், கரண்ட் பில் கட்டுவோம், படம் பார்ப்போம், ஒரு கடிதம் தட்டச்சு செய்வோம். இவற்றில் ப்ராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. கணினி நம்மைக் காக்க வைக்கும்போது அதுவும் சேர்ந்து காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காக என்று புரிந்துவிட்டால், எதில் பணம் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

அது காத்திருப்பது தகவலுக்காக. வேண்டிய தகவல் ராமில், அதாவது நடக்கும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகத்தில் இருந்தால், ப்ராசஸர் அதைச் சுமார் 100 நானோ விநாடியில் எடுத்துக்கொள்ளும். கோப்புகளை நிரந்தரமாகச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இருந்தால் சுமார் 100 மைக்ரோ விநாடி ஆகும். பழைய வகைச் சேமிப்பான லேப்டாப் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் ஏறக்குறைய 15 மில்லி விநாடி. எல்லாமே நமக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான். அதனால் கொஞ்சம் பெருக்கிப் பார்ப்போம். ராமிலிருந்து எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 17 நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க 42 மணி நேரம்!

ஹார்ட் டிஸ்க் இவ்வளவு தாமதிக்கக் காரணம், அதற்குள் உண்மையாகவே ஒரு தட்டு சுழல்கிறது என்பதுதான். லேப்டாப்களில் வந்த டிஸ்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று வேகம் கொண்டவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய இடம் அதன் கீழே சுழன்று வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இப்படி விநாடிக்கு அறுபது எழுபது முறைதான் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்க முடியும். கணினி ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கிறது. பழைய கணினி கிளம்பவே பல நிமிடம் ஆவது இதனால்தான். எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் எதுவும் இல்லை, எல்லாம் சிப்புகள். விளம்பரத்தில் ஒரு எஸ்எஸ்டி விநாடிக்கு 3500 எம்பி, இன்னொன்று 7000 எம்பி என்று போட்டிருப்பார்கள். அது பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். வீட்டு உபயோகத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏதோ ஒரு நல்ல எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல்.

அடுத்தது ராம். இங்கேதான் கணினியை நடத்தும் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் வேலை சுவாரசியமாகிறது. ராம் நிறைந்துவிட்டால் இயங்குதளம் "இடமில்லை" என்று கையை விரிப்பதில்லை. சற்று நேரமாக யாரும் தொடாத பகுதிகளைப் பார்த்து, நாம் பயன்படுத்தும் சாதாரண விண்டோஸ் கணினியில் 4 கேபி அளவுள்ள துண்டுகளாக, எஸ்எஸ்டிக்கோ ஹார்ட் டிஸ்குக்கோ மாற்றி வைக்கிறது. மறுபடி தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவருகிறது. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் வந்த யோசனை இது. இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாமே இதைத்தான் செய்கின்றன. அளவோடு நடந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் திறந்திருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ராம் போதாதபோது, ஒன்றைக் கொண்டுவர இன்னொன்றை வெளியேற்ற வேண்டும், வெளியேற்றியது அடுத்த நொடியே தேவைப்படும். கணினி உருப்படியான வேலை எதுவும் செய்யாமல் இடம் மாற்றுவதிலேயே திணறும். "ஹேங் ஆயிடுச்சு" என்று நாம் சொல்வதில் பல இந்த வகைதான்.

வீட்டில் ராமை அதிகம் விழுங்குவது ப்ரவுசர். அதைக் குறை சொல்லவும் முடியாது. 2018இல் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் குறைபாடு வெளிவந்த பிறகு, கணினிகளில் குரோம் ப்ரவுசர் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில், அதாவது தனக்கென்று ராம் எடுத்துக்கொண்டு தனியே ஓடும் நிரலாக, அடைத்து வைக்கத் தொடங்கியது. ஏதோ ஒரு டேபில் உள்ள மோசமான பக்கம், பக்கத்து டேபில் திறந்திருக்கும் உங்கள் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்கக் கூடாது அல்லவா? அந்தப் பாதுகாப்புக்கு நாம் ராமில் விலை கொடுக்கிறோம்.

ஆக, எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் இல்லாத கணினியைப் புதிதாக வாங்கவே வேண்டாம் என்பேன். பல வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபி நல்லது. ராம், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, அப்புறம் மாற்ற முடியுமா என்று கடையில் கட்டாயம் கேளுங்கள். மலிவு லேப்டாப் சிலவற்றில் 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்து வரும். அவற்றை என்ன செய்தும் தேற்ற முடியாது. மேக்கிலும் ராமைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

சரி, எந்த இயங்குதளம்? எனக்கு இதில் முதல் அளவுகோல், பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை வருடம் வரும் என்பதே. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. கணினி அன்றோடு நின்றுவிடாது. ஆபத்து வேறு விதமானது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொதுவான நிரல் நிறைய. 11இல் ஓர் ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிடும்போது, அதைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு 10இலும் ஓட்டை எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. திருத்தம் கிடைக்காத கணினி மாதத்துக்கு மாதம் பலவீனமாகிறது.

விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. தகவலைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவிகளை மற்ற மென்பொருள்கள் தொட முடியாதபடி தனியாக வைத்துக் காக்கும் ஏற்பாடு அது. இன்டெல் ப்ராசஸர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது 2017இன் பிற்பகுதியில் வந்தவை முதல்தான் ஏற்றுக்கொள்கிறது. நன்றாக ஓடும் 2016 லேப்டாப்பை இதற்காகக் குப்பையில் போடுவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். அதற்கு ஒரு எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவினால் ப்ரவுசர், படம், கடிதம் எல்லாம் தாராளமாக நடக்கும். இலவசம், ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் சுமார் ஐந்து வருடம் திருத்தங்கள் வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. ப்ரவுசரே போதும் என்கிற வீட்டுக்கு, கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக் லேப்டாப்பும் நல்லதுதான். 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்குப் பத்து வருடம் திருத்தங்கள் தருவதாக கூகுள் சொல்லியிருக்கிறது.

ஒரே ஒரு மென்பொருள் இந்த முடிவையெல்லாம் மாற்றிவிடலாம். வீட்டில் யாராவது டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதினால் விண்டோஸ்தான், வேறு பேச்சில்லை. ஆன்லைன் ஆவணங்களில் கையெழுத்திட டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்ற யூஎஸ்பி கருவியைப் பயன்படுத்துகிறவர்களும் விண்டோஸிலேயே இருப்பது நிம்மதி.

லினக்ஸைப் பிடிக்குமா என்று பார்க்க எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்று பாருங்கள். விரல்ரேகை உணரி சில லேப்டாப்களில் வேலை செய்யாது. வேகத்தை மட்டும் அப்போது எடைபோட வேண்டாம், எல்லாம் பென் டிரைவிலிருந்து வருவதால் மெதுவாகத்தான் இருக்கும். பிடித்திருந்தால் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.